ஆபிரகாமுக்குக் கொடுத்த தேசம்: வாக்குத்தத்தமா, பட்டாவா?

கேள்வி சுருக்கமாக இது: “கானான் தேசத்தைத் தேவன் யூதருக்கு நித்தியத்துக்கும் கொடுத்துவிட்டார், இன்றைய இஸ்ரேலைக் குறை சொல்பவன் சாபத்துக்கு உள்ளாவான் என்று எங்கள் போதகர் பிரசங்கிக்கிறார். இறையியல் கல்லூரியில் படிக்கும் என் அண்ணனோ, அந்த வாக்குத்தத்தமெல்லாம் கிறிஸ்துவில் நிறைவேறி முடிந்தது, இனி சபைதான் இஸ்ரவேல் என்கிறார். இரண்டு பேரும் வசனம் காட்டுகிறார்கள். யார் சொல்வது வேதம்?”

இரண்டு பேர் காட்டுகிற வசனங்களும் வேதத்தில் இருப்பவைதான். ஆனால் இரண்டு பேரும் வசனம் நிற்கிற இடத்தைத் தாண்டி ஓரடி அதிகம் வைக்கிறார்கள் என்பது என் எண்ணம். உங்கள் அண்ணன் வைக்கும் அந்த ஓரடிக்கு யூதர்கள் பல நூற்றாண்டுகள் விலை கொடுத்தார்கள். உங்கள் போதகர் வைக்கும் ஓரடிக்கு இன்று பாலஸ்தீனர்கள் விலை கொடுக்கிறார்கள், அவர்களில் நம்மைப் போலவே ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் போதகர் பக்கத்தைச் சரியாகக் கேட்போம். பலர் இதை அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கிகளின் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. ஆதியாகமம் 15-ஐ எடுத்து நிதானமாக வாசியுங்கள். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா ஆகியவற்றை ஆபிராம் நடுவே துண்டித்து, துண்டுகளை எதிரெதிராக வைக்கிறான். பிணங்களின்மேல் பறவைகள் இறங்குகின்றன, அவன் துரத்துகிறான். சூரியன் அஸ்தமிக்கும் நேரத்தில் அயர்ந்த நித்திரை வருகிறது. இருட்டில் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் வெட்டின மிருகத்தின் நடுவே நடந்துபோவார்கள். “வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும்” என்பது அதன் பொருள். எரேமியா 34-இல் இந்த வழக்கம் வெளிப்படையாகவே வருகிறது. இங்கே நடந்துபோனவர் தேவன் மட்டும். ஆபிராம் தூங்கிக்கொண்டிருந்தான். அப்படியானால் மனிதன் தவறினாலும் இந்த உடன்படிக்கை முறியாது என்கிறார்கள். இது உறுதியான வாதம்.

இதோடு ஆதியாகமம் 17:8-இன் “நித்திய சுதந்தரமாக” என்ற சொல் வருகிறது. சூரியனும் சந்திரனும் உள்ளவரை இஸ்ரவேல் ஒழிந்துபோகாது என்று எரேமியா 31 சொல்கிறது. சிதறினவர்களைச் சொந்த தேசத்துக்குக் கொண்டுவருவேன் என்று எசேக்கியேல் 36 சொல்கிறது, அதுவும் அவர்களுடைய தகுதிக்காக அல்ல, “என் பரிசுத்த நாமத்தினிமித்தம்” என்று சொல்கிறது. இனி அவர்கள் பிடுங்கப்படுவதில்லை என்று ஆமோஸ் முடிக்கிறான். கடைசியில் பவுலே ரோமர் 11:29-இல் தேவனுடைய வரங்களும் அழைப்பும் மாறாதவை என்கிறார். 1948 மே 14 அன்று இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டபோதும், 1967 ஜூனில் பழைய எருசலேம் இஸ்ரேல் வசம் வந்தபோதும், இந்த வசனங்களோடு வளர்ந்தவர்கள் நாளிதழையும் வேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்ததில் ஆச்சரியமில்லை. நானும் அப்படி வாசித்தவன்தான்.

இனி அண்ணன் பக்கம். ஆபிரகாமின் சந்ததி யார் என்பதில்தான் அவருடைய வாதம் தொடங்குகிறது. கலாத்தியர் 3:16-இல் பவுல், “சந்ததிகளுக்கு” என்று பன்மையில் சொல்லாமல் “உன் சந்ததிக்கு” என்று ஒருமையில் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டி, அந்தச் சந்ததி கிறிஸ்துவே என்கிறார். அதே அதிகாரம் 29-ஆம் வசனத்தில், கிறிஸ்துவினுடையவர்கள் எல்லாரும் ஆபிரகாமின் சந்ததி, வாக்குத்தத்தத்தின்படி சுதந்தரவாளிகள். ரோமர் 4:13 இன்னும் ஒரு படி போகிறது: ஆபிரகாமுக்குக் கிடைத்த வாக்கு “உலகத்தைச் சுதந்தரிப்பான்” என்பது. கானான் என்று பவுல் சொல்லவில்லை, உலகம் என்கிறார். எபிரெயர் 11-இல் ஆபிரகாம் கூடாரத்தில் குடியிருந்துகொண்டு தேவன் கட்டும் நகரத்துக்காகக் காத்திருக்கிறான், அவனும் அவன் பிள்ளைகளும் விரும்பியது பரம தேசம்.

இந்த இடத்தில் நம் தமிழ் வேதாகமத்தின் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். “சுதந்தரம்” என்பது இன்றைய காதில் விடுதலை என்றே விழுகிறது. வேதாகமத் தமிழில் அது தகப்பன் வழியில் வரும் சொத்துரிமை. அடுத்தது “பூமி”. “சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்து” என்று சங்கீதம் 37:11 சொல்வதைத்தான் மலைப்பிரசங்கத்தில் இயேசு எடுத்துச் சொல்கிறார். எபிரெயத்தில் அங்கே இருப்பது “எரெட்ஸ்”. அதற்குத் தேசம் என்றும் பொருள், பூமி என்றும் பொருள். சங்கீதக்காரன் மனதில் இருந்தது பெரும்பாலும் இஸ்ரவேல் தேசம். இயேசு சொன்னபோது அது கலிலேயாவின் வயலா, முழு உலகமா? இந்த ஒரு சொல்லைச் சுற்றியே அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பு “பூமி” என்று போட்டு அந்த வழக்கை நமக்காகத் தீர்த்துவிட்டது, அதனால் தமிழில் வாசிக்கிறவருக்கு அங்கே ஒரு கேள்வி இருப்பதே தெரிவதில்லை.

அண்ணன் பக்கத்தில் இன்னொரு வசனமும் உண்டு. யோசுவா 21:45: கர்த்தர் சொன்ன நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறவில்லை, “எல்லாம் நிறைவேறிற்று.” அப்படியானால் கணக்கு அங்கேயே தீர்ந்ததே என்பார்கள். ஆனால் அதே புத்தகத்தின் 13-ஆம் அதிகாரம், சுதந்தரிக்கவேண்டிய தேசம் இன்னும் மிகுதியாய் இருக்கிறது என்கிறது. ஆமோஸும் எசேக்கியேலும் யோசுவாவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர்கள். எனவே இந்த ஒரு வசனத்தை வைத்து வழக்கை முடிக்க முடியாது. “நித்திய” என்ற சொல்லும் அப்படித்தான். விருத்தசேதனமும் அதே ஆதியாகமம் 17-இல் நித்திய உடன்படிக்கை என்றே சொல்லப்படுகிறது. அதை நித்தியக் கட்டளையாகப் புறஜாதிக் கிறிஸ்தவர்கள் யாரும் கைக்கொள்வதில்லை.

வசனத்தின் அளவில் நிலவரம் இதுதான். ஆனால் சபைகள் பிரிந்தது வசனத்தால் மட்டும் அல்ல, நடந்த வரலாற்றாலும்.

“இனி நாமே இஸ்ரவேல்” என்ற எண்ணம் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அதை எழுதிவிட்டார். சபை சிறிய, துன்புறுத்தப்பட்ட கூட்டமாக இருந்தவரை அது ஒரு வாதம். சபை ஐரோப்பாவின் அரசாங்கமான பிறகு அதே சொல் ஆயுதமானது. யூதர்கள் தேசமிழந்து அலைவது தேவனுடைய தண்டனை, அப்படியே அலையட்டும் என்று பிரசங்கித்தார்கள். 1543-இல் லூத்தர் யூதருக்கு விரோதமாக எழுதியதை இன்று வாசிக்கையில் நெஞ்சு பதறும்: ஜெபாலயங்களைக் கொளுத்துங்கள் என்று எழுதினார். 1904 ஜனவரியில், யூதருக்குச் சொந்த நாடு வேண்டும் என்ற சீயோனிய இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்ஸல் போப் பத்தாம் பத்திநாதரை (பயஸ்) சந்தித்து ஆதரவு கேட்டார். யூதர்கள் நம் ஆண்டவரை ஏற்கவில்லை, ஆகவே யூத ஜனத்தை நாங்கள் ஏற்க முடியாது என்று போப் பதில் சொன்னதாக ஹெர்ஸல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குள், ஞானஸ்நானம் பெற்ற ஐரோப்பாவின் நடுவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். “கிளைகளுக்கு விரோதமாகப் பெருமைபாராட்டாதே” என்று ரோமர் 11-இல் பவுல் எச்சரித்தது இதைத்தான். நாம் ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளைகள், வேரைத் தாங்குகிறவர்கள் அல்ல. அண்ணன் “முடிந்தது” என்ற சொல்லை இவ்வளவு எளிதாகப் பயன்படுத்தக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதை உணர்ந்த சபைகள் தங்கள் போதனையைத் திருத்தின. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதர்களைத் தேவனால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று அறிவித்தது. 1980-இல் ஜெர்மனியின் ரைன்லாந்து புராட்டஸ்டண்டு சபை இன்னும் துணிந்து, யூதர்கள் வாக்குத்தத்த தேசத்துக்குத் திரும்பியதும் இஸ்ரேல் நாடு உருவானதும் தேவனுடைய உண்மையின் அடையாளங்கள் என்று தீர்மானமே போட்டது. வத்திக்கான் அவ்வளவு தூரம் போகவில்லை. 1985-இல் வெளியிட்ட குறிப்பில், யூதர் அந்தத் தேசத்தின்மேல் வைத்திருக்கும் மதப் பற்றைக் கிறிஸ்தவர்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் இஸ்ரேல் என்ற அரசையும் அதன் அரசியல் முடிவுகளையும் சர்வதேசச் சட்டத்தின் பொதுநெறிகளைக் கொண்டே பார்க்க வேண்டும் என்றது. 1993 டிசம்பர் 30 அன்று இஸ்ரேலோடு அடிப்படை ஒப்பந்தமும் செய்துகொண்டது. பற்று வேறு, அரசு வேறு என்ற அந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

போதகருடைய போதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. யூதர் கடைசிக்காலத்தில் தேசத்துக்குத் திரும்புவார்கள் என்ற எதிர்பார்ப்பு 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பியூரிட்டன்களிடமே இருந்தது. நம் போதகர்கள் விரும்பி வாசிக்கும் ஸ்பர்ஜனும் 1864-இல் எசேக்கியேல் 37-இன்மேல் அதைப் பிரசங்கித்தார். ஆனால் இன்று நாம் கேட்கும் முழுச் சட்டகம், அதாவது சபை வேறு, இஸ்ரவேல் வேறு, இரண்டுக்கும் தனித்தனித் திட்டம், முதலில் சபையை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்துவின் இரகசிய வருகை, பிறகு யூதருக்கு உபத்திரவகாலம், அதன்பின் ஆயிரவருட அரசாட்சி என்ற வரிசை, 1830-களில் பிரதரன் சபையின் ஜான் நெல்சன் டார்பி வகுத்தது. டிஸ்பென்சேஷனலிசம் என்பது இதுதான். 1909-இல் ஸ்கோஃபீல்டு வேதாகமம் அச்சாகி, வசனத்துக்குக் கீழேயே அடிக்குறிப்பாக இந்தப் போதனை வந்தபோது, பலருக்கு எது வசனம், எது குறிப்பு என்ற வேறுபாடே மறைந்துபோனது.

பிரதரன் சபைக்கு நம்மோடு நேரடித் தொடர்பு உண்டு. டார்பியின் ஆரம்பகாலத் தோழர்களில் ஒருவரான ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த அருளப்பன் அவரோடு பழகி வளர்ந்தவர். குரோவ்ஸ் டார்பியின் போக்கு குறுகிவருவதாக 1836-இலேயே அவருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். எப்படியோ, பிற்காலத்தில் டார்பியின் சட்டகம் பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள் வழியாக நம்மிடம் ஊன்றிவிட்டது. நான் வளர்ந்த சபை மண்டபத்தில் சுவரின் நீளத்துக்கு ஒரு துணிப்படம் தொங்கும். ஏதேனில் தொடங்கிப் புதிய எருசலேமில் முடியும் வட்டங்கள், அம்புகள், அடியில் வசன எண்கள். உபத்திரவகால வட்டத்தில் மட்டும் சிவப்பு மை. அந்தப் படத்தை வைத்துத்தான் நான் வேதத்தையே நேசிக்கக் கற்றேன், அதற்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன். ஆனால் அந்த வட்டங்களுக்குள் கலிலேயாவில் வாழ்கிற ஒரு அரபுக் கிறிஸ்தவனுக்கு எங்கே இடம் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. அந்தச் சிவப்பு வட்டத்தில் யூதருக்கு என்ன நேரும் என்பதையும் யோசித்ததில்லை. சகரியா 13:8-ஐ அந்தக் காலத்துக்கென்று எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு சங்கரிக்கப்படுவார்கள் என்று போதிக்கிற ஒரு சிநேகத்தை யூதர்களில் பலர் அச்சத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அந்த அரபுக் கிறிஸ்தவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. வடக்குக் கலிலேயாவில் லெபனான் எல்லைக்கு அருகே இக்ரித் என்று ஒரு ஊர். ஊர்க்காரர்கள் மெல்கைட் கத்தோலிக்கர்கள், அதாவது போப்பை ஏற்கும் ஒரு கிழக்கத்திய சபையார். 1948 நவம்பரில் இஸ்ரேல் இராணுவம், பாதுகாப்புக்காக இரண்டு வாரம் வெளியே இருங்கள் என்று சொல்லி அவர்களை அனுப்பியது. இரண்டு வாரம் வருஷங்களானது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1951 ஜூலையில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே அவர்கள் திரும்பலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வீடுகளையெல்லாம் இராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவைத்தது. இன்றும் அந்த ஊர்க்காரர்கள் இறந்தவர்களை அங்கே கொண்டுவந்து அடக்கம்பண்ணுகிறார்கள். இறந்தவன் திரும்பலாம், உயிரோடிருப்பவன் குடியேற முடியாது.

பக்கத்தில் கஃபர் பிரிம் என்ற மரோனைட் ஊருக்கும் (அதுவும் போப்பை ஏற்கும் ஒரு கிழக்கத்திய சபைதான்) அதே கதைதான், 1953 செப்டம்பரில் அதுவும் தகர்க்கப்பட்டது. இன்று அது ஒரு தேசியப் பூங்கா. அங்கே போனால் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு யூத ஜெபாலயத்தின் கல் முகப்பு கம்பீரமாக நிற்கிறது. சற்றுத் தள்ளி மரோனைட் ஆலயமும் இடிந்த வீட்டுச் சுவர்களும். யூதர்கள் இந்த மண்ணுக்கு அந்நியர் என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஜெபாலயம் பதில். இந்த மண் வெறுமையாய்க் கிடந்தது என்று சொல்கிறவர்களுக்கு அந்த வீட்டுச் சுவர்கள் பதில்.

நயீம் அத்தீக் என்ற பாலஸ்தீன ஆங்கிலிக்கன் குரு, 1948-க்குப் பிறகு தம் ஜனங்களுக்குப் பழைய ஏற்பாட்டை வாசிப்பதே கடினமாகிவிட்டது என்று எழுதினார். தங்களை வெளியேற்றுவதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட புத்தகத்தைத் தங்கள் ஆலயத்திலேயே எப்படிப் பாடுவது? 2006 ஆகஸ்டில் எருசலேமின் லத்தீன் மறைமுதல்வர் மிஷேல் சபாவும், சிரிய ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன் தலைவர்களும் சேர்ந்து, கிறிஸ்தவ சீயோனியம், அதாவது இன்றைய இஸ்ரேலை வேத வாக்கின் நிறைவேற்றமாக ஆதரிக்கும் போக்கு, தவறான போதனை என்று கையெழுத்திட்டு அறிவித்தார்கள். அந்த அறிக்கையின் கடுமையை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் அந்த மண்ணிலேயே இருக்கும் சபைகள் இதைச் சொல்கின்றன என்பதை உங்கள் போதகர் தம் சபைக்குச் சொல்லவாவது வேண்டும். மறுபக்கம் தவறுவதும் எளிது. 2013-இல் ஸ்காட்லாந்து சபை இதே விஷயத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டபோது, அது யூதர்களின் தேசப் பற்றையே மதிக்காமல் பேசுகிறது என்று யூத சமூகம் வருத்தத்தோடு எதிர்த்தது, சபை அதைத் திருத்த வேண்டியதாயிற்று.

சரி, நான் என்ன நம்புகிறேன்? யூத ஜனத்துக்குத் தேவன் கொடுத்த வாக்கை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன். தேசமும் அந்த வாக்கில் அடங்கியதே. ரோமர் 11-ஐ வேறு விதமாக வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாக்குத்தத்தம் பட்டா அல்ல. பட்டா என்பது தாசில்தாரிடம் காட்டி, குடியிருப்பவனை எழுப்பிவிடப் பயன்படும் தாள். ஆபிரகாம் அந்த வாக்கை ஒருநாளும் அப்படிப் பயன்படுத்தவில்லை. லோத்தோடு மேய்ச்சல் தகராறு வந்தபோது, நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்று விட்டுக்கொடுத்தான். சாராள் மரித்தபோது, முழுத் தேசத்தையும் வாக்காகப் பெற்றவன் எபிரோனில் ஏத்தின் புத்திரருக்கு முன்பாக எழுந்து வணங்கி, ஒரு கல்லறைக்கு இடம் கேட்டான். நிலத்துக்குச் சொந்தக்காரனான எப்பெரோன் இலவசமாகத் தருகிறேன் என்றும் வாங்கவில்லை. நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். அதே குகையில்தான் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து தகப்பனை அடக்கம்பண்ணினார்கள்.

நியாயப்பிரமாணமும் இதையே சொல்கிறது. “தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால்” நிலத்தை அறுதியாய் விற்காதே, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளும் என்கிறது லேவியராகமம் 25:23. வாக்குப் பெற்றவர்களே அங்கே குத்தகைக்காரர்கள்தான். அக்கிரமம் செய்தால் தேசம் உங்களையும் கக்கிப்போடும் என்கிறது 18-ஆம் அதிகாரம். எசேக்கியேல் 33-இல் சிலர், ஆபிரகாம் ஒருவனாயிருந்து தேசத்தைச் சுதந்தரித்தான், நாங்களோ அநேகர், தேசம் எங்களுக்கே என்று வாதம் பண்ணுகிறார்கள். கர்த்தருடைய பதில்: இரத்தம் சிந்துகிற நீங்கள் தேசத்தைச் சுதந்தரிப்பீர்களோ?

இஸ்ரேல் நாட்டின் உரிமையை நான் ஆதியாகமத்தின்மேல் நிறுத்துவதில்லை. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை யூத நாடு ஒன்றும் அரபு நாடு ஒன்றும் என்று தீர்மானித்தது. ஒரு ஜனத்துக்குப் பாதுகாப்பான வீடு வேண்டும் என்பதற்கு அண்மைய வரலாறே போதுமான சாட்சி. அதே சட்டமும் அதே நியாயமும் பாலஸ்தீனருக்கும் பொருந்தும். வாக்குத்தத்தத்தை நம்புகிற கிறிஸ்தவன் இதைச் சொல்லத் தயங்கவேண்டிய அவசியமே இல்லை.

சாபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆதியாகமம் 12:3-ஐ வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள். அந்த வசனம் “பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்” என்று முடிகிறது, பவுல் கலாத்தியரில் எடுத்துக்காட்டுவதும் அந்தப் பகுதியைத்தான். யூதரை வெறுப்பது பாவம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஓர் அரசாங்கத்தின் செயலைத் தவறு என்று சொல்வது ஆபிரகாமைச் சபிப்பதாகாது. ஆகாப் இஸ்ரவேலின் ராஜா. நாபோத்தின் திராட்சத்தோட்டம் அவனுக்கு வேண்டியிருந்தது. “என் பிதாக்களின் சுதந்தரத்தை” கொடுக்கமாட்டேன் என்றான் நாபோத், கல்லெறியுண்டு செத்தான். எலியா அந்தத் தோட்டத்துக்கே போய் ராஜாவின் முகத்துக்கு நேரே கண்டித்தான். எலியா சாபத்துக்கு உள்ளானவனா என்று போதகரிடம் மரியாதையோடு கேட்டுப்பாருங்கள்.

வீட்டில் இதைப் பேசும்போது சண்டையாக்க வேண்டாம். அண்ணனோடு ரோமர் 11-ஐ ஒரே மூச்சில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசியுங்கள், இடையில் விளக்கம் சொல்லாமல். போதகரிடம் எசேக்கியேல் 47-இன் கடைசி இரண்டு வசனங்களுக்கு ஒரு வேதபாடம் எடுக்கச் சொல்லுங்கள். தேசம் திரும்பக் கிடைத்துக் கோத்திரங்களுக்குப் பங்கிடும் அதே தரிசனத்தில்தான் அவையும் வருகின்றன. உங்கள் நடுவே தங்கிப் பிள்ளைபெறுகிற அந்நியனுக்கும் சுதேசிக்குச் சமமாகச் சுதந்தரம் கொடுங்கள், அவன் எந்தக் கோத்திரத்தோடே தங்கியிருக்கிறானோ அந்தக் கோத்திரத்திலேயே அவன் பங்கைக் கொடுங்கள் என்று கர்த்தர் சொல்கிறார். எங்கள் மண்டபத்துத் துணிப்படத்தின் அடியில் இருந்த வசன எண்களில் இந்த இரண்டும் இல்லை.